கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு?

குவார்ட்டர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் லேபிளின் ஓரத்தில் 42.8% என்று பொடி எழுத்தில் இருக்கும். 180 மில்லியில் அது 77 மில்லி சுத்த ஆல்கஹால். எடையில் சுமார் 61 கிராம். ஈரல் நன்றாக இருக்கும் ஒருவரின் உடம்பு மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும். ஆக ஒரு குவார்ட்டர் முழுதாக இறங்க 6 முதல் 9 மணி நேரம் ஆகும். 90 மில்லி கட்டிங் என்றால் 3 முதல் 4 மணி நேரம். 375 மில்லி ஆஃப் என்றால் 13 மணிக்குக் குறையாது. சிலருக்கு 18 மணி வரை போகும். ஸ்ட்ராங் பீர் 650 மில்லியில் 8 சதவீதம் என்றால் 41 கிராம் இருக்கிறது, கட்டிங்கைவிட அதிகம். "பீருதானே மச்சான்" என்று சொல்பவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்.

காபி, எலுமிச்சைச் சாறு, மோர், தலையில் ஊற்றும் குடம் தண்ணீர், எதுவும் இந்த வேகத்தை மாற்றாது. கண் விழித்த மாதிரி இருக்கும், ரத்தத்தில் இருப்பது அப்படியே இருக்கும்.

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை இந்த ராமநாதபுரம் கரையில் குடியால் வரும் கேடு பெரும்பாலும் மணிக் கணக்கில்தான் இருக்கிறது. எவ்வளவு குடித்தார் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எத்தனை மணிக்குக் குடித்தார், அதற்குப் பிறகு எத்தனை மணி ஆயிற்று என்று கேட்பவர் குறைவு. குடிக்காதே என்று சொல்ல ஊரில் ஆள் இருக்கிறார்கள். இது குடிக்கிறவருக்கும், அவரோடு ஒரே படகிலும் ஒரே வீட்டிலும் இருப்பவர்களுக்கும்.

முதலில் படகு. இரவு பத்து மணிக்குக் கடை சாத்தும் நேரத்தில் வாங்கி, பதினொன்றுக்குள் ஒரு குவார்ட்டரை முடித்தவர் விடியக்காலை நாலு மணிக்கு வள்ளத்தில் ஏறும்போது அது முழுதாக எரிந்திருக்காது. கால் தள்ளாடாது, பேச்சும் குழறாது. ஆனால் இருட்டில் தூரம் மதிப்பிடுவதும், கயிறு இழுபடும்போது கையை எடுக்கும் வேகமும் குறைந்திருக்கும். விசைப்படகில் வலை இழுக்கும் எந்திரமான விஞ்சு ஓடும்போது விரல் போவதற்கு அரை நொடி போதும். விடியக்காலைத் தொழிலுக்குப் போகிறவர் குவார்ட்டரை மாலை ஆறு, ஏழு மணிக்குள் முடித்துவிட்டால் படகேறும்போது ரத்தத்தில் மிச்சம் இருந்தாலும் கொஞ்சம்தான் இருக்கும். கடலில் குடித்தவர் தவறி விழுவது பல நேரம் படகின் விளிம்பில் நின்று சிறுநீர் கழிக்கும்போதுதான். ஒரு கை கயிற்றிலோ கட்டையிலோ இருக்க வேண்டும். இரவில் என்றால் உட்கார்ந்து ஒரு டப்பாவில் கழித்து ஊற்றுவதே நல்லது. லைஃப் ஜாக்கெட்டை ஐஸ் பெட்டிக்கு அடியில் வைத்திருப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் ஒன்றுதான்.

கரையில் குடிப்பதற்கும் முறை இருக்கிறது. வெறும் வயிற்றில் ராவாக அடித்தால் அரை மணியில் உச்சம் ஏறிவிடும். குடிப்பதற்கு அரை மணி முன்பே ஒரு தட்டு சோறு, மீன் குழம்போடு உள்ளே போயிருந்தால் அந்த உச்சம் தாழ்வாகவும் மெதுவாகவும் வரும். குடித்து முடித்த பிறகு சாப்பிடுவதில் இந்தப் பலன் கிடைக்காது. சைடு டிஷ் என்று கொடுக்கும் மாங்காய்த் துண்டும் ஊறுகாயும் சாப்பாட்டுக் கணக்கில் சேராது. ஒரு பங்கு சரக்குக்கு மூன்று பங்கு தண்ணீர், ஒவ்வொரு கட்டிங்குக்கும் நடுவே ஒரு தண்ணீர் பாக்கெட். கத்திரி வெயிலில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் ஆல்கஹால் சிறுநீரை அதிகமாக வெளியேற்றும், வியர்வை வேறு போகிறது. மறுநாள் தலைவலிக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம்; நீராகாரமும் உப்பும் அதே வேலையை ஓரளவு செய்யும். உடம்பு வலிக்கு டைக்ளோஃபினாக் போட்டால் ஏற்கெனவே புண்ணான இரைப்பையில் ரத்தம் கசியலாம். பாராசிட்டமால் என்றால் தினமும் குடிப்பவருக்கு ஒரு நாளைக்கு 2 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை நாலு, அதுதான் எல்லை.

இதுவரை சொன்னது எப்போதாவது குடிப்பவருக்கும் பொருந்தும். இனி தினமும் குடிப்பவரின் கதை. அங்கே மணிக் கணக்கு தலைகீழாகத் திரும்புகிறது.

காலையில் கண் விழித்ததும் கை நடுங்குகிறதா, ஒரு கட்டிங் போட்டதும் நடுக்கம் நிற்கிறதா? அப்படியென்றால் மூளை ஆல்கஹாலுக்குப் பழகி, அது தரும் மந்தத்தை ஈடுகட்ட எந்நேரமும் வேகமாக ஓடிக்கொண்டிருக்கிறது. சரக்கு திடீரென நின்றால் அந்த வேகத்துக்குப் பிரேக் இல்லை. கடைசிக் கட்டிங்கிலிருந்து 6 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, வாந்தி, படபடப்பு தொடங்கும். 6 முதல் 48 மணிக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணிக்குள் சிலருக்கு ஆள் தெரியாத நிலை வரும்: பூச்சி ஊர்வது தெரியும், செத்தவர் வந்து கூப்பிடுவார், காய்ச்சல் அடிக்கும், ராத்திரியில் எழுந்து ஓடப் பார்ப்பார். இந்தக் கடைசி நிலை சிகிச்சை இல்லாவிட்டால் உயிரைக் குடிக்கும். கஞ்சாவை நிறுத்தினால் தூக்கம் கெடும், எரிச்சல் வரும், சாவு வராது. குடியை நிறுத்துவதில் சாவு வரலாம். "வைராக்கியமா விட்டுட்டான்" என்று பாராட்டும் வீட்டுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது இதைக் கடலோடு பொருத்திப் பாருங்கள். ராமேசுவரம் விசைப்படகு காலையில் கடலுக்குப் போகும் அனுமதி டோக்கன் போட்டுப் புறப்பட்டு மறுநாள் காலை கரை சேர்கிறது. முந்தைய இரவு பத்து மணிக்குக் கடைசியாகக் குடித்தவர் நடுக்கடலில் வலை இழுக்கும் நள்ளிரவில் 26ஆவது மணியில் இருப்பார். வலிப்பு வரக்கூடிய நேரத்தின் நட்டநடு. கடல் அமைதியாக இருந்தும் "தானாக் குதிச்சுட்டான்" என்று சொல்லப்படும் சாவுகளைக் கேட்கும்போது இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

அதனால் காலை நடுக்கம் உள்ளவர் மருத்துவம் பார்க்கும்வரை கடலுக்குப் போகாமல் இருப்பதே சரி. போகத்தான் செய்வார் என்றால் டிரைவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அவரை விஞ்சுக்கு விடக்கூடாது, விளிம்பில் தனியாக நிற்க விடக்கூடாது, லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும். நடுக்கம் முற்றி வியர்த்துக் கொட்டினால் 30 முதல் 60 மில்லியை நிறையத் தண்ணீரில் கலந்து, வாயில் ஏதாவது சாப்பாட்டோடு கொடுத்துப் படகைத் திருப்புவது, ஒன்றும் கொடுக்காமல் வலிப்புக்குக் காத்திருப்பதைவிடப் பாதுகாப்பு. இதைச் சொன்னால் குடிக்கச் சொல்லித் தருகிறீர்களா என்று கோபப்படுபவர்கள் உண்டு. கோபப்படட்டும்.

வலிப்பு வந்துவிட்டால் கையில் சாவியோ அரிவாளோ கொடுக்க வேண்டாம். இரும்பு வலிப்பை நிறுத்தாது, கையைக் கிழிக்கும். வாயில் துணியோ விரலோ வைக்கக்கூடாது. ஐஸ் அறையின் மூடியிலிருந்தும் எஞ்சின் பக்கத்திலிருந்தும் தள்ளி, தலைக்கடியில் லுங்கியை மடித்து வைத்து, ஒருக்களித்துப் பிடித்துக்கொள்ளுங்கள். மணி பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, தெளியாமல் இரண்டாவது முறை வந்தாலோ அது அவசரம்: கரையில் 108, கடலில் கடலோரக் காவல் படையின் 1554. முழுதாக விழித்து விழுங்கும்வரை தண்ணீர் கொடுக்கக்கூடாது.

கரையிலும் இப்படிச் சரக்கு நின்றுபோகும் நாட்கள் இருக்கின்றன. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் டாஸ்மாக் கிடையாது. தேர்தல் என்றால் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் கடை மூடியிருக்கும். அந்த 48 மணியும் மேலே சொன்ன 48 மணியும் ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்துகிறது. பிறகு விரதங்கள். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை, தங்கச்சிமடம் பக்கம் தவக்காலம், ரமலான் நோன்பு, குலசாமி கோயிலில் கையில் கயிறு கட்டிச் செய்யும் சத்தியம். இவை எத்தனையோ பேரைக் குடியிலிருந்து மீட்டிருக்கின்றன, அதில் சந்தேகமில்லை. ஆனால் நேற்றிரவு ஆஃப் அடித்தவர் இன்று காலை மாலை போட்டுக்கொள்வதுதான் ஆபத்து.

விரதத்தை ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள், அளவைக் குறைப்பதில். நாளுக்கு இரண்டு குவார்ட்டர், 360 மில்லி குடிப்பவர் என்றால் முதலில் அதை அளந்து நாலு வேளை 90 ஆகப் பிரிக்க வேண்டும். மொத்தமாக ராத்திரியில் அடித்தால் பகலெல்லாம் நடுக்கம்தான். அளவுக்கு 30 மில்லி பெக் மெஷர் ஒன்று வாங்குங்கள். கண் மதிப்பு எப்போதும் குடிப்பவர் பக்கமே சாயும். பிறகு மூன்று நாளைக்கு ஒருமுறை மொத்தத்தில் 30 மில்லி குறையுங்கள்: 330 மூன்று நாள், 300 மூன்று நாள், இப்படி. பகல் வேளைகளில் முதலில் குறைத்து, காலை வேளையையும் படுக்கும் வேளையையும் கடைசிக்கு வைத்தால் தாக்குப்பிடிக்க முடியும். 33 நாளில் முடிந்துவிடும், 34ஆம் நாள் மாலை போடலாம். நடுவில் நடுக்கமும் வியர்வையும் திரும்பினால் அதே அளவில் இன்னொரு மூன்று நாள் நில்லுங்கள். பழைய அளவுக்கு ஏறவும் வேண்டாம், வீம்புக்கு இறங்கவும் வேண்டாம். பாட்டில் அவர் கையில் இருக்கக்கூடாது, அளந்து தருபவர் கையில் இருக்க வேண்டும். பங்குப் பணம் முழுவதும் சட்டைப்பையில் இருக்கும் நாளில் இந்தத் திட்டம் உடையும் என்பதால், படகு கரை சேரும் காலையிலேயே பணம் வீட்டுக் கணக்குக்குப் போக ஏற்பாடு செய்யுங்கள்.

இந்த வழி எல்லோருக்கும் ஆகாது. முன்பு ஒருமுறையாவது வலிப்போ ஆள் தெரியாத நிலையோ வந்தவர், ஒரு நாளைக்கு இதைவிட அதிகம் குடிப்பவர், ஈரல் நோய், சர்க்கரை, இதய நோய் உள்ளவர், கர்ப்பிணி ஆகியோர் மருத்துவமனையில் படுத்துத்தான் நிறுத்த வேண்டும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போகலாம். 5 முதல் 7 நாள் டயஸிபாம் அல்லது லோராஸிபாம் வகை மருந்தை அளந்து கொடுத்து இறக்குவார்கள். அதே மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வீட்டில் போட்டுக்கொள்வதும், அதன்மேல் ஒரு கட்டிங் அடிப்பதும் வேறு விஷயம். அதில் மூச்சு நிற்கும். போவதற்கு முன் பேசிப் பார்க்க 14446 போதை மீட்பு உதவி எண்; மனநலத்துக்கு டெலிமானஸ் 14416, தமிழில் பேசலாம்.

மருத்துவமனைக்குப் போனதும் "களைப்பா இருக்காரு, குளுக்கோஸ் ஏத்துங்க" என்று கேட்பது நம் ஊர் வழக்கம். சரியாகச் சாப்பிடாமல் மாதக்கணக்கில் குடித்தவர் உடம்பில் தயமின் என்ற பி1 வைட்டமின் வற்றியிருக்கும். குளுக்கோஸை எரிக்க அந்த வைட்டமின் வேண்டும். தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மிச்சமிருந்ததும் செலவாகி மூளை அடிபடலாம்: கண் ஒரு பக்கம் திரும்பாது, நடை அகலும், நேற்று நடந்தது நினைவில் நிற்காது. உடனே பார்க்காவிட்டால் மறதி நிரந்தரமாகிவிடும். ஆகவே டாக்டரிடம் முதல் வாக்கியமே இதுவாக இருக்கட்டும்: "தினமும் குடிப்பார், கடைசியா நேத்து ராத்திரி பத்து மணிக்கு." இந்த ஒரு வரியில் அவருக்கு வேண்டியது பாதி கிடைத்துவிடும். வெட்கப்பட்டு மறைத்தால் வலிப்பையும் உளறலையும் வேறு நோயாக நினைத்து ஒரு நாள் வீணாகலாம்.

ஆள் தெரியாத நிலையைக் காத்துக் கருப்பு என்று நினைத்து ஏர்வாடி தர்காவுக்கு அழைத்துப் போகும் வழக்கம் இன்னும் போகவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகிச் செத்தார்கள். அதற்குப் பிறகு நிலைமை மாறியது. தர்கா வளாகத்திலேயே தொழுகையோடு மருந்தும் சேர்த்துத் தரும் "தவா துவா" என்ற ஏற்பாடு வந்தது. போகிறவர்கள் அந்த மருத்துவரையும் பார்த்துவிட்டு வாருங்கள். குடியை நிறுத்திய மூன்றாம் நாள் பேய் பிடித்தால் அது பேயில்லை. கட்டிப்போட்டால் அவர் திமிறத் திமிறக் காய்ச்சல் ஏறும்.

இன்னொன்று, சாம்பாரில் கலக்கும் பொடி. "அவருக்குத் தெரியாமலே குடியை மறக்கடிக்கும்" என்று சுவரொட்டி ஒட்டி விற்கப்படுவதில் டைசல்ஃபிராம் இருக்கலாம். அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, மூச்சு முட்டி, ரத்த அழுத்தம் சரிந்து, இதயமே நிற்கலாம். மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு. தெரிந்து, ஒப்புக்கொண்டு, ஈரல் சோதனை எடுத்துச் சாப்பிடுபவருக்கு நல்ல மருந்துதான். தெரியாமல் கொடுக்கப்பட்டவர் வழக்கம்போல கட்டிங் போடுவார், ஏன் சாகிறோம் என்று தெரியாமலே விழுவார். அக்கா தங்கைகள் செய்வது பிரியத்தில்தான், ஆனால் செய்யாதீர்கள்.

கள்ளச்சாராயத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. 2023 மே மாதம் மரக்காணம், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி. இரண்டிலும் மெத்தனால். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல் போனார்கள். மெத்தனாலை மணத்தில், ருசியில், பற்றவைத்துப் பார்ப்பதில் கண்டுபிடிக்க முடியாது. குடித்த அன்று சாதாரண போதைதான். 12 முதல் 24 மணி கழித்துத்தான் வயிற்று வலி, வாந்தி, வேகமான மூச்சு, பனி மூடியது போல மங்கும் பார்வை. நல்ல சரக்கும் சேர்த்துக் குடித்திருந்தால் இன்னும் தாமதமாகும். ஈரல் முதலில் அதை எரித்துவிட்டுத்தான் மெத்தனாலுக்கு வரும். இதே காரணத்தால் மருத்துவமனையில் எத்தில் ஆல்கஹாலையே அளந்து மருந்தாகக் கொடுப்பதும் உண்டு. அதை வீட்டில் முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். உள்ளே இருக்கும் விஷத்தை வெளியேற்ற டயாலிசிஸ் வேண்டும். ஒருவருக்குக் கண் மங்கினால் அதே பாக்கெட்டில் குடித்த எல்லோரும், "எனக்கு ஒண்ணுமில்லண்ணே" என்பவரும், அப்போதே போக வேண்டும். மிச்சமிருக்கும் பாக்கெட்டையும் எடுத்துச் செல்லுங்கள். எங்கே விற்கிறது என்று தகவல் சொல்ல 10581.

குடித்துவிட்டு எழுப்ப எழுப்ப எழாதவரை மணலில் மல்லாக்கப் போட்டுவிட்டு வராதீர்கள். இடப்பக்கம் ஒருக்களித்து, மேல் முழங்காலை மடித்து, வாய் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும்படி வையுங்கள். வாந்தி வெளியே வழிய வேண்டும். தெளியட்டும் என்று கடலில் முக்குவது, வாயில் புளித்தண்ணீர் ஊற்றுவது இரண்டும் நுரையீரலில்தான் போய் முடியும். மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 8க்குக் கீழ் போனால், இரண்டு மூச்சுக்கு நடுவே 10 நொடி இடைவெளி விழுந்தால், உதடு நீலமானால் 108. சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் சாப்பிடாமல் குடித்திருந்தால் அது போதையே இல்லாமல் இருக்கலாம், ரத்தச் சர்க்கரை அடிமட்டத்துக்குப் போயிருக்கலாம். விரலில் குத்திப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சின்னப் பையன்களிடம் இப்போது வலி மாத்திரையைப் பொடித்துக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம் இருக்கிறது, டேபென்டடால் வகை. அந்த மாத்திரையில் மருந்தைவிட மாவுதான் அதிகம். அது கரையாமல் ரத்தக் குழாயை அடைத்து, கை வீங்கி, விரல் கறுத்து, சீழ் கட்டும். வாயில் போடுபவரைவிட ஏற்றுபவருக்கு ஆபத்து பல மடங்கு. அதையும் மீறி ஏற்றுபவர் ஒவ்வொரு முறையும் புது ஊசி எடுக்க வேண்டும். ஊசி மட்டுமல்ல, கலக்கும் தண்ணீரும் மூடியும் பஞ்சும்கூடப் பகிரக்கூடாது. ஹெபடைட்டிஸ் சி அவற்றிலும் ஒட்டியிருக்கும். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. சோதனை இலவசம், விவரம் கேட்க 1097. ஹெபடைட்டிஸ் சி வந்திருந்தால் பெரும்பாலோருக்கு 12 வாரம் மாத்திரையில் குணமாகும், அதுவும் அரசுத் திட்டத்தில் இலவசம். தனியாக ஏற்றக்கூடாது, குடித்துவிட்டு ஏற்றக்கூடாது. மூச்சு குறைந்தால் நண்பனை விட்டு ஓடாமல் 108ஐக் கூப்பிட்டு என்ன ஏற்றினான் என்று சொல்லுங்கள். அதற்கு மாற்று மருந்து மருத்துவமனையில் இருக்கிறது.

கடைசியாக, கடல்கரையில் ஈரல் கெட்டவருக்கே உரிய ஒரு ஆபத்து. வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் விப்ரியோ வல்னிஃபிக்கஸ் என்று ஒரு கிருமி வாழ்கிறது. நல்ல ஈரல் உள்ளவருக்கு மீன் முள் குத்தினால் இரண்டு நாள் வலி. பல வருடம் குடித்து ஈரல் சுருங்கியவருக்கு அதே முள் வழியாக இந்தக் கிருமி ஏறினால் ஒரே நாளில் கால் சிவந்து வீங்கி, ரத்தம் கோர்த்த கொப்புளம் எழும்பி, காய்ச்சலும் குளிரும் வந்து ஆளே போய்விடலாம். அப்படிப்பட்டவர் சிப்பியைப் பச்சையாகச் சாப்பிடவே கூடாது. வலை பிரிக்கும்போது ரப்பர் கையுறை, பாறையில் இறங்கும்போது காலில் ஏதாவது. காயம் பட்டால் கடல்நீரிலோ சரக்கிலோ கழுவாமல் நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவி, காயத்தைச் சுற்றிச் சிவப்பு எங்கே முடிகிறதோ அங்கே பேனாவால் கோடு போட்டு மணியையும் எழுதி வையுங்கள். சில மணி நேரத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் கிளம்புங்கள். டாக்டரிடம் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்: கடல் தண்ணீர் பட்ட காயம், ஈரல் சரியில்லை.